வழிக்காத சாந்து

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பேர். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடும் ஒரு பட்டைக் கருவியைக் கொத்தனார்கள் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான் ரசமட்டம். தெர்மாகோலில் வெட்டி, பிளைவுட்டில் ஒட்டி, மறுநாளே பிய்த்தெறியப் போகிற அரண்மனைச் சுவருக்குக்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையிலிருக்கும் தூசியைத் தட்டுவார்.

"அண்ணே, நாளைக்குக் குப்பைக்குப் போற சுவருண்ணே இது" என்று பெயின்டர்கள் கேலி செய்வார்கள்.

"குப்பைக்குப் போனாலும் நேராப் போகட்டும்டா" என்பார்.

வயது ஐம்பத்துமூன்று. பதினெட்டு வயதில் கொத்துக்கரண்டி பிடித்தவர். இருபது வருடம் நிஜமான வீடுகளுக்கு நிஜமான சுவர் கட்டினார். முப்பத்தெட்டாவது வயதில் மூன்றாவது மாடிச் சாரம் சரிந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த நான்கு மாதமும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டியது அண்ணன்தான். லாரி ஓட்டுகிற அண்ணன் தூரத்துப் பயணங்களை எல்லாம் வேறு டிரைவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

"மூட்டை தூக்கற மாதிரி தூக்காதண்ணே, வலிக்குது."

"மூட்டையா இருந்தா வாயை மூடிட்டு வரும்டா."

எழுந்து நடமாட ஆரம்பித்தபோது ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. இனி சாரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரிந்தவர் ஒருவர் தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கும் இந்தத் தளத்தில் சேர்த்துவிட்டார். அட்டையும் ஆணியும் பசையுமாகப் பிழைப்பு ஓடியது. இங்கே உயரம் ஏற வேண்டியதில்லை. விழுந்தாலும் சுவர்தான் விழும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து அப்பா விட்டுப்போன வீடு அது. நடுவில் ஒரு நீளக் கூடம் இருந்தது. தெருப்பக்கத்து அறைகளில் தம்பி குடும்பமும் சந்துப்பக்கத்து அறைகளில் அண்ணன் குடும்பமும் அம்மாவும் இருந்தார்கள். கூடம் பொது. பதினொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தபோது யாரோ ஒருவர், "தம்பி இப்போ என்ன வேலை பாக்கறான்?" என்று கேட்டார்.

"அவனா? அட்டைச் சுவர் கட்டறான். ஊதினாப் பறக்கும்" என்றார் அண்ணன்.

கூடம் மொத்தமும் சிரித்தது. தம்பியும் சிரித்தார். மறுநாள் விடியற்காலையில் அண்ணன் லாரி எடுத்துப் போனார். எட்டு மணிக்கு வாசலில் ஒரு வண்டி செங்கல் வந்து இறங்கியது.

கூடத்தின் குறுக்கே கட்ட நாலரை அங்குலச் சுவர் தாராளமாகப் போதும். அவர் ஒன்பது அங்குலத்தில் கட்டினார். உத்தரம் வரைக்கும், ஒரே மூச்சில், இரண்டு நாள். அவர் இந்தப் பக்கம் நின்று கட்டினார். அந்தப் பக்கம் அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவு வந்தபோது, "எதுக்குடா இதெல்லாம்?" என்றாள். நெஞ்சளவு வந்தபோது எழுந்து வந்து நின்றாள். "போதும்டா. எட்டிப் பாக்கற அளவுக்காவது விட்டு வையி" என்றாள். அவர் அடுத்த வரியை அடுக்கினார். தலை மறைந்த பிறகு அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவர் காதில் விழவில்லை.

திரும்பி வந்த அண்ணன் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தள்ளிப் பார்த்தாராம். "நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று மட்டும் சொன்னாராம். சந்துப்பக்கம் இருந்த ஜன்னலை இடித்து வாசல் வைத்துக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. நான்கு வருடம் கழித்து அம்மா அந்தப் பக்கத்திலேயே இறந்தபோது தம்பி சந்து வழியாகச் சுற்றிப் போய், வெளியாட்களோடு வெளியாளாக வாசலில் நின்றுவிட்டு, பாடையின் பின்னாலேயே நடந்து போய், திரும்பி வந்தார். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

பெண்களுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. "சுவரு உங்க ரெண்டு பேருக்கும்தான். நானும் அக்காவும் துணி காயப்போடற எடத்துல தெனமும் பேசிட்டுத்தான் இருக்கோம்" என்று அவர் மனைவி முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து டக் டக்கென்று சத்தம் கேட்டதும், "எவன்டா அது, என் சுவத்துல ஆணி அடிக்கறது!" என்று கத்தினார். சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, திருடனைப் போல மெதுவாக, இன்னும் மூன்று டக். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் மகள் வந்து வாசலில் நின்றாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். ஓர் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சித்தப்பா, அப்பாவுக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து பண்றது. டாக்டர் பாதிக்குப் பாதின்னுதான் சொல்றாரு."

அவர் ரசமட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"கூப்பிடச் சொல்லி அப்பா ஒண்ணும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"சனிக்கிழமை ஷூட்டிங் இருக்கும்மா."

"ஆபரேஷன் திங்கக்கிழமை சித்தப்பா."

அவள் போன பிறகு மனைவி டீயைக் கொண்டுவந்து தரையில் சத்தம் வரும்படி வைத்தாள். "பாதிக்குப் பாதின்னா என்னன்னு தெரியுமில்ல?" என்றாள். அவர் டீயைக் குடிக்காமலேயே கிளம்பினார்.

அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு புனிதையின் வாழ்க்கைத் தொடர். எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு குளிர் நாட்டில், துணிக்குச் சாயம் தோய்ப்பவர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவள். கொள்ளைநோய் வந்தபோது யாரும் தொடாத நோயாளிகளைத் தொட்டுக் கழுவியவள். நோய் அடங்கியதும், மாதா கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை கேட்டாள். உயிருள்ளவரை அதற்குள்ளிருந்தே ஜெபிக்கப் போவதாகச் சொன்னாள். அவள் உள்ளே போனதும், இறந்தவர்களுக்குச் சொல்லும் ஜெபத்தை ஆயர் அவளுக்குச் சொல்லி முடிக்க, வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். கை நுழைகிற அளவுக்கு ஒரு சாளரம் மட்டும் இருக்கும். நாற்பது வருடம் அந்தச் சாளரத்தில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு அதற்குள்ளேயே செத்துப்போனாள். கதைவசனத் தாளில் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை எடுக்க வேண்டியது அந்த வாசலை அடைக்கும் காட்சி. கொத்தனாராக நடிக்க வந்தவர் தெர்மாகோல் கற்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். டைரக்டர் மூன்று தடவை பார்த்தார். நான்காவது தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

"கல்லா அது? பஞ்சு மிட்டாய் தூக்கற மாதிரி தூக்கறீங்க. ரசமட்டம்! எங்க அவரு? நீங்களே கட்டுங்க. நிஜக் கல்லு, நிஜக் கலவை."

"சார், எனக்கு நடிப்பெல்லாம்..."

"முகம் வேண்டாம். முதுகும் கையும் போதும். அந்தக் காலத்துல உங்க கருவி கெடையாது, அதை மட்டும் ஓரமா வெச்சிடுங்க."

பெயின்டர்கள் விடவில்லை. "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸு, கடைசில முதுகுக்கு சான்ஸ் கெடைச்சிருக்குண்ணே!" "ரசமட்டம் இல்லாம ரசமட்டம் கட்டற முதல் சுவருடா!" முரட்டுத் துணியில் தைத்த அங்கியை மாட்டிவிட்டார்கள். கழுத்தெல்லாம் அரித்தது. சாந்து குழைக்க மட்டும் வேறு யாரையும் விடவில்லை. அவரே தண்ணீர் விட்டு, அவரே பிசைந்து, கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் நிஜக் கலவை. மணிக்கட்டு அதன் கனத்தை மறக்கவில்லை.

புனிதையாக நடித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அந்த அறைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் கேமராவுக்காகத் திறந்து, கறுப்புத் துணி தொங்கியது. அவள் உள்ளே மண்டியிட்டாள். ஆயர் வேடக்காரர் ஜெபத்தை முடித்தார். டைரக்டர் கையசைத்தார்.

"நிறுத்தாமக் கட்டுங்க. நான் சொல்றவரைக்கும் கேமரா ஓடும். வெட்டி ஒட்டறதெல்லாம் அப்புறம்."

அவர் கட்டினார். கல்லைச் சாந்தில் வைத்து, அழுத்தி, கரண்டியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, தன் பக்கம் பிதுங்கியதை வழித்து அடுத்த கல்லுக்கு இட்டு, ஒரு வரி முடிந்து அடுத்த வரி, மூட்டு மேல் மூட்டு விழாமல். தளத்தில் அறுபது பேர் இருந்தார்கள். கரண்டிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பளவு வந்தது. அந்தப் பெண் எழுந்து நின்றாள். நெஞ்சளவு வந்தது. கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரியும். அவளுடைய முகம் அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. கண் அவரையே பார்த்தது. கழுத்தளவு வந்தபோது அவருடைய கை ஒரு விநாடி தயங்கிற்று. எட்டிப் பார்க்கிற அளவு. பிறகு அடுத்த கல்லை வைத்தார். நெற்றி மறைந்தது. கடைசிக் கல்லைப் பக்கவாட்டில் திணித்து, கையால் ஓர் அறை அறைந்து உள்ளே தள்ளினார்.

"கட்" என்று சொல்ல டைரக்டருக்கு வாய் வரச் சற்று நேரமாயிற்று. வழக்கமாகக் கை தட்டுகிறவர்கள்கூடத் தட்டவில்லை. பெயின்டர்களில் வாயாடியானவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

கேமராவை அறைக்கு உள்பக்கம் மாற்றினார்கள். அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது. "ரசமட்டம், கொஞ்சம் இங்க வாங்க."

கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு பின்பக்கமாக நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே நின்று பார்த்தபோது பலகை மாதிரி வழவழவென்று எழும்பிய சுவர், இந்தப் பக்கம் வேறு எதுவோவாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் பிதுங்கிய சாந்து நாக்கு நாக்காகத் தொங்கியது. சில கற்கள் துருத்தியிருந்தன, சில உள்வாங்கியிருந்தன. ஒழுகி விழுந்த சாந்து தரையில் கும்பல் கும்பலாகக் கிடந்தது. அந்தப் பெண்ணின் தோளிலும் முக்காட்டிலும்கூடச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது.

கொத்து வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம். கட்டுகிறவனுக்கு அவன் பக்கம்தான் தெரியும். அதனால் அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்று வழித்துக்கொண்டே வர வேண்டும். ஆள் இல்லையென்றால், சாந்து இறுகுவதற்குள் கட்டினவனே சுற்றிப் போய் வழித்துவிட வேண்டும். மறக்கவே கூடாத வேலை. மறந்துவிட்டார்.

"ஐயோ சார், வழிக்காம விட்டுட்டேன். பத்து நிமிஷம் குடுங்க, வழிச்சு..."

"தொடாதீங்க!" டைரக்டர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைக் காட்டத்தான் கூப்பிட்டேன். இப்படியேதான் இருக்கணும். உள்ள இருக்கறவளுக்கு இதுதானே தெரியும்? இது யாருக்குமே தோணல பாருங்க."

அவருக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "மேல விழுந்துதே, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"குடுத்தா நிறுத்திடுவீங்களோன்னு பேசாம இருந்தேன் அங்கிள்." அவள் தோளிலிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வெளிய அவ்ளோ அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியவே இல்ல. கடைசிக் கல்லு வெக்கற வரைக்கும் உங்க மூச்சு கேட்டுச்சு. அப்புறம் அதுவும் கேக்கல."

அவர் அந்தச் சுவரின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். லைட்காரர் நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தார். வீட்டில் கட்டிய சுவரையும் அவர் சுற்றிப் போய் வழிக்கவில்லை. வழிக்க வேண்டுமென்றால் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். பதினொரு வருடமாக, தான் கட்டியதிலேயே நேரான சுவர் என்று மனதுக்குள் வைத்திருந்ததில் பாதியை அவர் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வீட்டு வாசல் வரை வந்தவர் உள்ளே போகவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டியபடியே, காலை இழுத்து இழுத்து, தெருமுனை திரும்பிச் சந்துக்குள் நடந்தார். மொத்தமே ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கான தூரம்தான்.

கதவைத் திறந்த அண்ணி, திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். உள்ளிருந்து அண்ணன் குரல் கேட்டது. மெலிந்த குரல்.

"யாரு?"

"நான்தாண்ணே."

"எந்த நான்?"

அவர் செருப்பைக் கழற்றினார். "அட்டைச் சுவரு."

உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக முடிந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழி விட்டார்.

அண்ணன் நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். லாரி ஸ்டியரிங்கை ஒரு கையால் சுழற்றிய உடம்பு சட்டைக்குள் தொளதொளவென்று கிடந்தது. தம்பியின் பார்வை அவர் மேல் நிற்க முடியாமல் சுவருக்குப் போயிற்று.

அப்படியேதான் இருந்தது. பூசவில்லை, வெள்ளையடிக்கவும் இல்லை. சாந்து நாக்குகள் கல்லாக இறுகி வரிவரியாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் குடை தொங்கியது. ஒன்றில் சாவிக்கொத்து, ஒன்றில் துணிப்பை, ஒன்றில் அண்ணனின் கட்டம்போட்ட சட்டை.

"என்ன பாக்கற? பதினோரு வருஷமா மாட்டறோம். நல்லாத் தாங்குது" என்றார் அண்ணன்.

"பூசியிருக்கலாமேண்ணே..."

"உன் சுவரு. வேற ஆள் வந்து கை வெச்சா நீ சும்மா விடுவியா? ஒரு ஆணிக்கே ஊரைக் கூட்டினவன்."

அப்போதுதான் அந்த ஆணியைப் பார்த்தார். அதில் சட்டம் போட்ட ஒரு படம். அண்ணன் மகள் கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய பட்டமுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே முதல் பட்டம். அந்தப் படத்தை மாட்டத்தான் அன்றைக்கு டக் டக்.

"கல்லுல அடிக்கல சித்தப்பா" என்றாள் அவள், பக்கத்தில் வந்து. "சாந்துலதான் அடிச்சோம். கல்லு விரிஞ்சா அவன் மனசு கஷ்டப்படும்னு அப்பாதான் எடம் பாத்துக் குடுத்தாரு."

அவர் ஆணியின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தச் சுவரின் அடியில் ஒரு முக்காலி கிடந்தது. அம்மாவுடையது. அதில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "டேய், அன்னைக்கு அட்டைச் சுவர்னு சொன்னேன். கேலியாத்தான் சொன்னேன், இல்லேங்கல. ஆனா உன்னைச் சாரத்துக்கு அடியிலேர்ந்து அள்ளினவன் நான். அப்புறம் நீ அட்டையில வேலைக்குப் போனதும் ராத்திரி தூக்கம் வந்துச்சு எனக்கு. மேல விழுந்தாக்கூட அட்டைதானேன்னு. அதை அத்தனை பேர் நடுவுல எப்படிடா சொல்றது?"

"அதைச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்றதுக்குள்ளதான் கல்லு வந்து எறங்கிடுச்சே."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். இடித்துவிடலாம் என்று உளியை எடுத்தவர், அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பழைய உத்தரம் தளர்ந்து சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. இனி அதை எடுத்தால் கூடம் இறங்கும். வழிப்பதுதான் மிச்சம். பதினொரு வருடம் இறுகியது கரண்டிக்கா வரும்? உளி வைத்து ஒவ்வொரு நாக்காகத் தட்டி எடுத்தார். அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே, "மேல ஒண்ணு விட்டுட்ட பாரு", "மெதுவாடா, சாவு மேளம் அடிக்கற மாதிரி அடிக்கற" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். அண்ணி அதட்டியும் கேட்கவில்லை. சட்டை தொங்கிய நாக்குக்கு வந்ததும் மட்டும் கையை உயர்த்தினார்.

"அதை விட்டுடு. நாளைக்குப் போட்டுட்டுப் போற சட்டை அதுலதான் தொங்குது. திரும்பி வந்தா மாட்டறதுக்கு எடம் வேணும்."

திங்கட்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். ஆறு மணி நேரம். வராந்தாவில் தம்பி உட்காரவே இல்லை. நெஞ்சைத் தைத்து அனுப்பிவிட்டார்கள், ஆனால் பழைய ஆள் இனி இல்லை, லாரி இல்லை, படி ஏறக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று, இரண்டு வீட்டு ஆட்களும் அண்ணன் பக்கத்தில் கூடினார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அண்ணனைத் தூக்கியது தம்பி. கால் இழுத்தாலும் விடவில்லை.

"மூட்டை தூக்கற மாதிரி தூக்காதடா."

"மூட்டையா இருந்தா வாயை மூடிட்டு வரும்."

திரையில் ஒரு முதுகு தெரிந்தது. கைகள் கல் அடுக்கின. "முதுகு ஆடுது" என்றார் அண்ணன். "பேசாமப் பாருங்க" என்றாள் தம்பி மனைவி. முகம் மறைந்தது. கடைசிக் கல் வந்தது. கேமரா உள்ளே போயிற்று. நாக்கு நாக்காகத் தொங்கும் ஈரச் சாந்து திரை முழுக்கத் தெரிந்தது. அதற்கு எதிரே அவள் அசையாமல் நின்றாள். யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒரு தடவை தங்கள் கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு அப்புறம் வெளியவே வரலையாடா?"

"வரலண்ணே. நாப்பது வருஷம்."

அண்ணன் நெஞ்சுத் தையலின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "குளிருது. சட்டையை எடு" என்றார். தம்பி எழுந்து, சுவரில் மிச்சமிருந்த அந்த ஒரே நாக்கிலிருந்து சட்டையை எடுத்து, தையல் பட்டுவிடாமல், கை கையாக மாட்டிவிட்டார்.